கிளூனி என்பது ஓர் ஊர்

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குக் கிளூனி என்ற சொல்லை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிளூனி பள்ளிக்கூடம், கிளூனி ஆஸ்பத்திரி, கிளூனி பூவேலை என்று ஏதோ ஒரு வகையில் எல்லோர் வீட்டிலும் அது புழங்கியிருக்கும். எங்கள் அத்தை அதைக் "குளுனி" என்பாள். "குளுனிக்குப் போய்ட்டு வரேன்" என்று காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். கிளூனி என்பது ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பெயர் என்றுதான் பத்துப் பதினைந்து வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரான்சின் ஆறுகளையும் மலைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தவனுக்கு, அது பூர்கோஞ் மாகாணத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊர் என்று தெரியாமல் போனது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மாள் வேறொருவர். பெயர் ஆன்-மரி ழவுவே. (பிரெஞ்சு "ஜ"வுக்கு "ழ" போட்டு எழுதுவது எங்கள் ஊர்ப் பழக்கம். வெளியூர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நான் கிறிஸ்தவன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராகக்கூட ஆகாமல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அத்தை வழியாக வந்த கடன்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். பத்தொன்பது வயதில் கணவனை இழந்து, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்தக் காலத்தில் அப்படி வந்த பெண்ணுக்கு அடுப்படி ஒன்றுதான் இடம். அத்தை ஆறேழு மாதம் அடுப்படியில் இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியோடு மடத்துப் பூவேலைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். "வேதத்துல சேத்துடுவாங்க" என்று தாத்தா குதித்தார். அப்படி யாரும் சேர்க்கவில்லை. அத்தை கடைசி வரை வெள்ளிக்கிழமையில் மணக்குள விநாயகரைப் பார்க்காமல் சாப்பிட்டதில்லை. அவள் சங்கிலித் தையலும் நிழல் தையலும் போட்டுக் கொண்டுவந்த காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வந்தது. "பிரெவே" தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன சப்பாத்தும் அந்தக் காசுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ரோமன் ரோலன் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டுவது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. நாலு பேர் பேசிப் பழகாத பிரெஞ்சு துருப்பிடித்துப் போகும், அதற்காகவாவது படிக்க வேண்டும். அந்த நூலகமே 1827இல் ஏற்பட்டது. கிளூனி கன்னியர்கள் முதன்முதலில் புதுச்சேரியில் வந்து இறங்கியதும் அதே 1827இல்தான். இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டபோதுதான், இவர்களை அனுப்பியவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

ஆன்-மரி 1779 நவம்பர் 10ஆம் தேதி, பூர்கோஞில் ழல்லாஞ்ழ் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பல்தசார் வசதியான விவசாயி. வீட்டில் அவரை "நானெத்" என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது அவருக்கு வயது பத்து. அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பாதிரிமார்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம் அது. பக்கத்திலிருந்த ஷாம்பிளான் கிராமத்துக்குக் குடும்பம் குடிபெயர்ந்திருந்தது. அங்கே ஒளிந்திருந்த பாதிரிமார்களுக்குச் சோறு கொண்டுபோனதும், திருட்டுத்தனமாகப் பூசை நடக்கும்போது வாசலில் காவல் நின்றதும் இந்தப் பெண்தான். பதினெட்டு முடிந்து பத்தொன்பது தொடங்கிய மறுநாள், அப்படி ஒரு மறைவுப் பூசையில் தன்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் பின்னால் மகளுக்குக் கட்டடம் வாங்கப் பணம் கொடுத்தவரும் அவரேதான். அப்பாக்கள் எங்கும் அப்பாக்கள்தான்.

முதல் ஏழெட்டு ஆண்டுகள் தோல்வி மேல் தோல்வி. ஒரு மடத்தில் சேர்ந்தார், விலகினார். சிற்றூர்களில் பள்ளி தொடங்கினார், காசில்லாமல் மூடினார். மறுபடி வேறோர் ஊரில் தொடங்கினார். பெசான்சோன் மடத்தில் பயிற்சியில் இருந்தபோது, பல நிறத்துப் பிள்ளைகள் தன்னைச் சூழ்ந்து நிற்பதாக அவருக்கு ஒரு காட்சி தெரிந்தது என்பார்கள். அந்த வயதில் அவர் வேறு நிறத்து மனிதரைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். நம்புகிறவர்கள் நம்பலாம். 1807 மே 12ஆம் தேதி ஷலோன் நகரத்துத் தேவாலயத்தில் அவரும், கூடப்பிறந்த தங்கைகள் மூன்று பேரும், வேறு ஐந்து பெண்களும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஒன்பது பேரில் நால்வர் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

1812இல் கிளூனிக்கு வந்தார்கள். ஐரோப்பாவின் மாபெரும் மடங்களில் ஒன்று ஒன்பது நூற்றாண்டுகளாக அங்கே இருந்தது. புரட்சியில் அரசு அதைப் பறிமுதல் செய்து விற்றது. வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து வீடு கட்ட விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரிய மடம் இப்படிக் கல் விலைக்குப் போய்க்கொண்டிருந்த ஊரில், ரெகொலே துறவிகளின் பழைய சின்ன மடம் ஒன்றை அப்பா பணத்தில் வாங்கி உள்ளே போனார் இந்த அம்மாள். சபைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது.

அடுத்தது நம் பக்கத்து வாசகர்களுக்குப் பிடித்தமான விஷயம். 1815ஐ ஒட்டி அவர் பாரிஸில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அதில் "பரஸ்பரக் கல்வி" என்ற புது முறையைக் கையாண்டார். முதலில் கற்ற பிள்ளை பின்னால் வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பான். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூறு பேருக்குப் பாடம் நடத்திவிடலாம். இங்கிலாந்திலிருந்து வந்தது, அதுவும் புராட்டஸ்தாந்துக்காரர்களின் முறை என்று சில குருமார்கள் முகம் சுளித்தார்கள். இங்கிலாந்துக்கு அது எங்கிருந்து போயிற்று தெரியுமா? சென்னையிலிருந்து. எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் தொடங்கினார். அதைப் பற்றி 1797இல் இலண்டனில் புத்தகமும் போட்டார். அதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர். லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய அதே முறையைப் பரப்பினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் கால்சட்டை மாட்டிக்கொண்டு பாரிஸ் வரை போயிருக்கிறான்! பத்து வருஷம் கழித்து அந்தச் சபையின் பெண்கள் கப்பலேறிப் புதுச்சேரிக்கே கற்பிக்க வந்தார்கள். இதைப் படித்த அன்று நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பாரிஸ் பள்ளியில்தான் அதிகாரிகளின் கண் அவர் மேல் விழுந்தது. பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயூனியோனுக்கு, ஆசிரியைகள் தேவை என்று கேட்டார்கள். 1817இல் நான்கு கன்னியர் கப்பலேறினார்கள். 1819இல் செனகல். 1822இல் அவரே செனகலுக்குப் போனார். பிறகு ஆங்கிலேயர் அழைத்ததால் காம்பியா, சியரா லியோன். அங்கே கொள்ளைக் காய்ச்சலில் விழுந்து சாகாமல் பிழைத்தார். ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்க் குருத்துவத்துக்குப் படிக்க வைத்தார். குளிரிலும் நெஞ்சு நோயிலும் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் புவாலா, மூசா, ஃப்ரிதுவால் என்ற மூவர் 1840இல் குருப்பட்டம் பெற்றார்கள். செத்துப்போன பிள்ளைகளின் தாய்மார் கணக்கையும் யாராவது எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஊருக்கு வருகிறேன். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு, 1816 கடைசியில், ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது இது ஓய்ந்துபோன பட்டணம். 1826இல் கவர்னராக வந்த தெபஸ்ஸான் தெ ரிஷ்மோன் சுறுசுறுப்பான மனுஷன். கல்லூரி, நூலகம் என்று இரண்டே ஆண்டில் பலதும் செய்தார். அவருடைய குடும்பம் பூர்போன் தீவில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய குடும்பம். அந்தத் தீவிலேயே கன்னியர்களைப் பார்த்திருந்தவர்கள் அவர்கள். 1827இல் கன்னியர்கள் இங்கே வந்தார்கள். முதலில் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரப் பெண் பிள்ளைகளுக்கும் கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும்தான். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் பட்டணம், அந்தப் பக்கம் கறுப்புப் பட்டணம். அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் தொடங்கினார்கள் என்று சொன்னால் அது பொய். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு பிற்பாடுதான் திறந்தது. 1829இல் பூவேலைக் கூடம் ஏற்பட்டது. ஆன்-மரி ழவுவே கடைசி வரை புதுச்சேரியைப் பார்த்ததில்லை.

ஏனென்றால் 1828இல் அவர் போனது எதிர்த் திசையில். அட்லாண்டிக்குக்கு அப்பால், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, அங்கே மானா என்ற ஆற்றங்கரை. அரசாங்கம் ஏற்கெனவே குடியேற்றம் நடத்திப் பார்த்துக் கைகழுவிய இடம். முப்பத்தாறு கன்னியரும், தச்சர், கொல்லர், உழவர் என்று ஐம்பது பேரும் அவரோடு போனார்கள். காடு, கொசு, மழை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஆண்களில் பெரும்பாலோர் நடையைக் கட்டினார்கள். கன்னியர்கள் நின்றார்கள். தீவுகளில் கொண்டுபோய்க் கைவிடப்பட்டிருந்த தொழுநோயாளிகளை மானாவுக்கு அருகே அக்கரூவானி என்ற இடத்துக்குக் கொண்டுவந்து, 1833இல் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார்.

அப்புறம் வந்ததுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான வேலை. பிரான்ஸ் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி தடைசெய்திருந்தது. ஆனால் அடிமை முறை இருந்தது. புரிகிறதா? புதிதாகக் கொண்டுவரக் கூடாது, இருப்பவனை விடவும் மாட்டோம். கள்ளக் கப்பல்களில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களை என்ன செய்வது? 1831 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம் அவர்களைச் சுதந்திரமானவர்கள் என்றது. ஆனால் ஏழு ஆண்டுகள் அரசுக்கு வேலை செய்த பிறகு! கயேன் நகரத்தில் அப்படிச் சுமார் ஐந்நூறு பேர் இருந்தார்கள். விடுதலை பெறும் நாள் நெருங்க நெருங்கத் தோட்ட முதலாளிகளுக்குப் பயம். இவர்களைப் பார்த்து மற்ற அடிமைகளும் கேட்பார்களே. என்ன செய்வதென்று தெரியாமல், 1835இல் அமைச்சகம் இவர்களை மானாவுக்கு அனுப்பி அந்த அம்மாளிடம் ஒப்படைத்தது. கவிஞரும் அரசியல்வாதியுமான லமார்த்தீன் அதற்கு ஆதரவாக இருந்தார். அமைச்சகத்துக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படிக்க எனக்கு ஆசை அதிகம். கன்னியாஸ்திரீ என்பதால் கெஞ்சல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இது வேண்டும், இவ்வளவு வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்கிற கை.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு. வீட்டோடு நிலம். வாரத்தில் சில நாள் பொதுவுக்கு உழைப்பு, மற்ற நாள் தன் நிலத்தில். மரவள்ளி, வாழை போட்டார்கள், மரம் அறுத்தார்கள். சவுக்கு இல்லை. தொழில், படிப்பு, வேதம், கல்யாணம். கையில் இருக்கும் காசை எண்ணவும் சேர்க்கவும் பழக்கினார். 1838 மே 21ஆம் தேதி 185 பேருக்கு விடுதலைப் பத்திரம் வழங்கப்பட்டது. பத்திரம் வாங்கியவர்களுக்குப் போக ஒரு வீடு ஏற்கெனவே இருந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, எந்த அலுவலகம் என்பது வேண்டாம், இலவச மனைப் பட்டா எழுதும் மேசையில் இருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பிரெஞ்சுப் பள்ளியில் பழக்கிய கை. மனை எண், நான்கு எல்லை, பயனாளியின் பெயர், எல்லாம் நானே எழுதுவேன். விழா வைத்துக் கொடுத்தார்கள், நாற்காலி போட்டு, மைக் வைத்து. ஆறு மாதம் கழித்து ஒரு அம்மாள் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். "அய்யா, இந்த மனை எங்க இருக்கு, கொஞ்சம் வந்து காட்டுங்க" என்றார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். மனை இருந்தது. ஏரி உள்வாயில். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர், போகப் பாதை கிடையாது. நான் எழுதிய நான்கு எல்லையும் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தன. அந்த அம்மாள் மூன்று முறை வந்தார். மனுவை வாங்கி, எண் போட்டு, மேலே அனுப்பினேன். மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் வரவில்லை. அடுத்த வருஷம் எனக்கு வேறு மேசை கொடுத்துவிட்டார்கள்.

அதனால் மானாவில் வீடும் நிலமும் முதலில், பத்திரம் பிறகு என்று படித்தபோது எனக்கு அது ஒரு புண்ணியவதியின் அருஞ்செயலாகத் தெரியவில்லை. வேலை தெரிந்த ஒருவர் கோப்பைச் சரியான வரிசையில் வைத்ததாகத் தெரிந்தது. பத்திரத்தின் மதிப்பும் எனக்குத் தெரியும், அதன் வெறுமையும் தெரியும். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிக்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றபோது எங்கள் தெருவே பத்திரமும் கையுமாக அலைந்தது. அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கொடுத்தார். அவர் பிள்ளைகள் இன்று பாரிஸில். அப்பா செய்தது சரியா என்று அத்தையிடம் ஒரு நாள் கேட்டேன். "தையல் தெரிஞ்சவளுக்கு எந்த ஊரா இருந்தா என்ன" என்றாள்.

அம்மாளைக் குறை இல்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அடிமை முறையை ஒரே நாளில் ஒழிக்க வேண்டும் என்று மேடை ஏறிப் பேசியவர் அல்ல அவர். மானாவின் தொடக்க காலத்தில் ஆள் போதாமல் அவரே அடிமைகளை விலைக்கு வாங்கியிருக்கிறார். நல்ல எஜமானியாக இருந்தார் என்பது பதில் ஆகாது. விடுதலையானவர்களையும் பிள்ளைகளைப் போலவே நடத்தினார். யார் யாரைக் கல்யாணம் செய்யலாம், எப்போது மணி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தீர்மானம். அப்படிப்பட்ட அன்பில் மூச்சு முட்டியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் கயேனிலிருந்த தோட்ட முதலாளிகளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தைப் பார்த்தால், அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது விளங்கும். படகைக் கவிழ்த்து அவரைக் கொல்லப் படகோட்டிக்குக் காசு கொடுத்தார்கள் என்றும், அவன் மனம் வராமல் ஒப்புக்கொண்டான் என்றும் ஒரு கதை உண்டு.

முதலாளிகளாவது வெளியார். அவரை அதிகம் வாட்டியது சொந்த வீட்டுக்காரர்கள். ஓதன் மறைமாவட்டத்து ஆயர் தெரிக்கூர், சபைக்குத் தலைவர் தானே என்று ஆரம்பித்தார். கடல் கடந்து பல நாடுகளில் பரவிய சபையை ஒரு மறைமாவட்டத்துக்குள் அடக்க முடியாது என்பது அம்மாளின் வாதம். 1835இல் வற்புறுத்தி ஒரு கையெழுத்து வாங்கினார் ஆயர். அம்மாள் பிறகு அதை ஏற்கவில்லை. அதற்கப்புறம் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. கடிதங்கள் பறந்தன, ஓர் இடத்தில் சொன்னது இன்னோர் இடத்தில் வேலை செய்தது. கயேனிலிருந்த திருச்சபை அதிகாரி அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதன் கனம் புரியாது. எனக்கு ஒரு கத்தோலிக்க நண்பர் விளக்கினார்: "ஊர்ப் பந்தியில எல்லாருக்கும் எலை போட்டுட்டு, சமைச்சவள மட்டும் எழுந்து போகச் சொல்ற மாதிரி, தினம் தினம்." அவர் கட்டிய குடியேற்றத்தில், அவர் அழைத்துவந்த மக்கள் எல்லோரும் எழுந்து போய் வாங்கும்போது, அறுபது வயதைத் தாண்டிய அந்தப் பெண் மட்டும் முழங்காலிட்டபடி இருந்திருக்கிறார். சபையை விட்டுப் போகவில்லை. தனிச் சபை ஆரம்பிக்கவும் இல்லை. ஆயர் கேட்டதைக் கொடுக்கவுமில்லை. 1843இல் மானாவை விட்டுக் கிளம்பிப் பிரான்சுக்குத் திரும்பியவர், விட்டுக்கொடுக்காமலே ஜெயித்தார்.

மன்னர் லூயி-ஃபிலிப் அவரை ஆண்பிள்ளை என்று புகழ்ந்ததாக ஒரு பேச்சு உண்டு. புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நம் ஊரிலும் கெட்டிக்காரப் பெண்ணை அப்படித்தானே சொல்கிறோம். 1848இல் அந்த மன்னரே நாட்டை விட்டு ஓடினார். அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி ஆணைப்படி பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கயானாவில் புதிதாக வாக்குரிமை பெற்றவர்கள் பாரிஸ் மன்றத்துக்குத் தங்கள் பிரதிநிதியாக ழவுவே அம்மாளை அனுப்பப் போகிறோம் என்றார்களாம். பெண் நிற்க முடியாது என்று விளக்கியதும், அப்படியானால் எங்களுக்கு இந்த ஓட்டே வேண்டாம் என்று போய்விட்டார்களாம். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை வர 1944 வரை ஆயிற்று.

1851 ஜூலையில் ஆயர் தெரிக்கூர் இறந்தார். செய்தி வந்தபோது அம்மாள் தானும் படுக்கையில். அவருக்காக ஜெபிக்கச் சொன்னார். அதே மாதம் 15ஆம் தேதி பாரிஸில் கண்மூடினார். 1950இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நாம் புதுச்சேரிக்காரர்கள், அடுத்து நடந்ததை மறைக்க முடியாது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆட்களைப் பிடித்த இடங்களில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. 1853இல் ஒரேலி என்ற கப்பல் நம் ஆட்களை மர்த்தினீக்கில் இறக்கியது, 1854 கடைசியில் குவாதலூப்பில். குவாதலூப்புக்கு மொத்தம் 42,000 பேர், மர்த்தினீக்குக்கு 25,000 பேர், பிரெஞ்சு கயானாவுக்கு 8,000க்கும் மேல். கயானாவில் செத்தவர்கள் தொகையைப் பார்த்துவிட்டு, ஆங்கிலேயரே 1870களில் அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். அவர்கள் எல்லோரிடமும் பத்திரம் இருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி விவரம், திரும்பி வரக் கப்பல் சத்தம், கீழே கைநாட்டு. என்னைப் போல் ஒரு குமாஸ்தாதான் அழகான எழுத்தில் எழுதியிருப்பார். எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரின் தம்பி ஒருவர் அப்படிப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். மர்த்தினீக்கா குவாதலூப்பா என்பதுகூடத் தெரியாது. "அக்கரைக்குப் போனவர்" என்பதோடு சரி. மானாவில் நடந்தது போல, முதலில் வீடு, பிறகு பத்திரம் என்று அவருக்கு யாரும் யோசிக்கவில்லை.

போன மாதம் ரோமன் ரோலன் வீதிப் பக்கம் போனபோது பூவேலைக் கூடத்துக்குள் நுழைந்தேன். பேத்திக்குக் கைக்குட்டை வாங்க என்று சாக்கு. உயரமான கூரை, பழைய மர ஜன்னல், வரிசையாகப் பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவரிடம் அத்தையின் பெயரைச் சொல்லி, நான் அவளுடைய தம்பி மகன் என்றேன். சின்னப் பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தபோது அத்தையிடம்தான் பழகினாராம்.

"அய்யோ, அந்த அக்காவா! தப்புத் தையல் ஒண்ணு விழுந்தா விடமாட்டாங்க. ராவாயிட்டாலும் பிரிச்சுப் போட்டுட்டுதான் வீட்டுக்குப் போகணும்" என்றார். பிறகு நான் எடுத்து வைத்திருந்த கைக்குட்டையை வாங்கிப் பார்த்து, ஓரத்தைத் திருப்பி ஆராய்ந்து, "இது வேணாம், இருங்க" என்று உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார்.